பாரிஸ் பட்டறை கிட்டார்: 7,000 யூரோவுக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி இதுதான். பாரிஸ் புறநகரில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். மகள் கன்சர்வத்துவார் என்னும் இசைப்பள்ளியில் சில வருடங்களாக கிளாசிக்கல் கிட்டார் படிக்கிறாள். இனி தொழிற்சாலை கிட்டார் போதாது, பூஷே, ஃப்ரீடெரிக் என்ற இரண்டு பாரிஸ் கிட்டார் கைவினைஞர்களின் வழியில் வேலை செய்யும் ஒருவரிடம் போய்ப் பாருங்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். போய்ப் பார்த்தால் விலை 7,000 யூரோ. "கிட்டார் என்றாலே ஸ்பெயின்தானே, பிரெஞ்சு மரபு என்று தனியாக ஒன்று இருக்கிறதா? இவ்வளவு பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கும்? எதைப் பார்த்து வாங்குவது?" என்று அப்பா கேட்கிறார்.

முதலில் நேரடிப் பதில். அப்படி ஒரு மரபு இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டாம். நல்ல பிரெஞ்சு கிட்டாரில் கிடைப்பது சத்தம் அல்ல, பிரிவு. மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் ஓடும் இசையில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். அது உங்கள் மகளின் விரலுக்கு வசப்படுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது வசப்பட்டால் 7,000 யூரோ அதிகம் இல்லை. வசப்படாவிட்டால் 3,000 கூட வீண்.

கிட்டார் என்றால் ஸ்பெயின் என்பது பாதி உண்மை. 17-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் வொபோம் என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கிட்டார் செய்துகொண்டிருந்தது. பதினான்காம் லூயி மன்னரே கிட்டார் வாசித்தவர்; அவருடைய அரண்மனையில் அந்த வாத்தியத்துக்கு மவுசு இருந்தது. ஆனால் அது இன்றைய கிட்டார் இல்லை. ஐந்து ஜோடிக் குடல் தந்திகள், சின்ன உடம்பு, ஓரமெல்லாம் கருங்காலியும் தந்தமும் மாற்றி மாற்றிப் பதித்த கோடுகள். பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் இவற்றை வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள்.

உங்கள் மகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ள காலம் அதற்கு அடுத்தது. 1800-ஐ ஒட்டி ஜோடித் தந்திகள் போய், ஆறு ஒற்றைத் தந்திகள் வந்தன. 1820களிலும் 30களிலும் பாரிஸில் கிட்டார் மோகம் தலைக்கேறியிருந்தது. இத்தாலியிலிருந்து கருள்ளியும் கர்காஸியும், ஸ்பெயினிலிருந்து ஃபெர்னாந்தோ சோரும் அங்கே வந்து குடியேறினார்கள். அவள் இத்தனை வருடங்களாக வாசித்துவரும் பயிற்சிப் பாடங்களில் பெரும்பகுதி இவர்கள் எழுதியதாகத்தான் இருக்கும். இவர்களுக்குக் கிட்டார் செய்து கொடுத்தவர்களில் முக்கியமானவர் ரெனே லாகோத். 1830-இல் வெளிவந்த தன் கிட்டார் பயிற்சி நூலில் சோர் அவரைப் பாராட்டி எழுதியிருக்கிறார். கருள்ளியும் லாகோத்தும் சேர்ந்து 1826-இல் பத்துத் தந்திக் கிட்டாருக்குக் காப்புரிமைகூட வாங்கினார்கள். அது எடுபடவில்லை என்பது வேறு கதை.

லாகோத் கிட்டாரைக் கையில் எடுத்தால் பொம்மைபோல லேசாக இருக்கும். இடுப்பு ஒடுங்கிய சின்ன உடம்பு. மேற்பலகையின் அடியில் தாங்குச் சட்டங்கள் ஏணிப்படிபோலக் குறுக்கே ஓடும். சத்தம் பெரிதாக வராது. ஆனால் தட்டியவுடன் சுரம் பளிச்சென்று எழும், சீக்கிரம் அடங்கும். சோரின் இசையில் அடுத்தடுத்து வரும் குரல்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் கேட்பதற்கு அந்த அடக்கமும் ஒரு காரணம். பிற்பாடு வந்த பிரெஞ்சுக் கைவினைஞர்கள் உடம்பை ஸ்பெயினிடம் வாங்கிக்கொண்டாலும், காதை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு.

பாரிஸுக்கு வெளியே இன்னொரு ஊர் உண்டு: லொரேன் பகுதியில், வோஜ் மலைப் பக்கம் இருக்கும் மிர்கூர். வயலின் செய்வதற்குப் பேர்போன ஊர். 19-ஆம் நூற்றாண்டின் பெரிய வயலின் கைவினைஞர் வுய்யோம் 1798-இல் பிறந்தது அங்கேதான். கிட்டார்களும் அங்கிருந்து கூடை கூடையாகப் பாரிஸுக்கு வந்தன. மிர்கூர்க்காரரான க்ரோபேர் 1830 வாக்கில் செய்த ஒரு கிட்டாரை வுய்யோம் வயலின் மேதை பகானினிக்குக் கொடுத்தார். பிறகு அது இசையமைப்பாளர் பெர்லியோஸ் கைக்குப் போனது. மேற்பலகையில் இரண்டு பேரின் கையெழுத்தும் இருக்கிறது. பியானோ வாசிக்கத் தெரியாமலேயே மாபெரும் ஆர்க்கெஸ்ட்ரா இசை எழுதிய பெர்லியோஸுக்குக் கைவந்த வாத்தியங்களில் கிட்டாரும் ஒன்று. இதுவும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

பிறகு பியானோ எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பாரிஸில் கிட்டார் மோகம் வடிந்துபோன அதே காலத்தில்தான் ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸ் வேலை செய்துகொண்டிருந்தார். உடம்பைப் பெரிதாக்கினார், தந்தியின் நீளத்தை 650 மி.மீ. அளவில் நிறுத்தினார், மேற்பலகையின் அடியில் விசிறிபோல விரியும் ஏழு மெல்லிய சட்டங்களை ஒட்டினார். இன்று உலகத்தில் எங்கே கிளாசிக்கல் கிட்டார் வாங்கினாலும் அதன் அடிப்படை அவர் போட்டதுதான். உயிர் மேற்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக 1862-இல் பின்னாலும் பக்கங்களிலும் காகித அட்டையை வைத்தே ஒரு கிட்டார் செய்தார். அது பார்சிலோனாவில் இருக்கிறது. ஆக, கிட்டார் என்றால் ஸ்பெயின் என்று நீங்கள் சொன்னது இந்த இடத்தில் சரி.

ஆசிரியர் சொன்ன வழி ஆரம்பிப்பது 20-ஆம் நூற்றாண்டில். இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கும் லாகோத்துக்கும் நேரடி குரு சிஷ்யத் தொடர்பு எதுவும் கிடையாது. நடுவில் சங்கிலி அறுந்துவிட்டது. ரொபேர் பூஷே, பிறப்பு 1898, ஓவியர். பாரிஸின் மோன்மார்த்தர் பகுதியில் குடியிருந்தவர், கிட்டார் வாசிக்கும் ஆசையும் உண்டு. மாட்ரிட்டில் ஹோசே ராமிரெஸ் பட்டறையில் வேலை பழகிய ஹூலியான் கோமெஸ் ராமிரெஸ் என்ற ஸ்பானியர் அப்போது பாரிஸில் பட்டறை வைத்திருந்தார். பூஷே அங்கே போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பயிற்சி என்று எதுவும் இல்லை, வெறும் பார்வைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கோமெஸ் உயிரோடு இல்லை. கைவசம் நல்ல கிட்டாரும் இல்லாததால் பூஷே தானே ஒன்றைச் செய்தார். அது 1946. அப்போது அவருக்கு வயது 48-ஐ ஒட்டி. 1986-இல் இறக்கும்வரை அவர் செய்தது மொத்தம் சுமார் 150 கிட்டார்கள்தான்.

அவர் தோரெஸ் வரைபடத்திலிருந்துதான் தொடங்கினார். 1950களில் அதில் ஒரு மாற்றம் செய்தார். தந்திகளின் கீழ்முனையைக் கட்டும் பிரிட்ஜ் ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேர் அடியில், பலகைக்கு உள்பக்கம், விசிறிச் சட்டங்களை ஊடுருவிக் குறுக்காக ஒரு கட்டையை வைத்தார். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுவையை அந்த ஒரே இடத்தில்தான் கொடுக்கின்றன. இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பலகை அதைத் தாங்கிக்கொண்டு அதிரவும் வேண்டும். கட்டை இல்லாவிட்டால் பலகை தாராளமாக அதிரும்: சுரம் வெடித்து எழும், சட்டென்று கரையும். கட்டை வைத்தால் அந்த இடம் விறைப்பாகும்: எழுச்சி கொஞ்சம் நிதானமாகி, சுரம் நீண்டு நிற்கும். குறிப்பாக மேல் தந்திகளில், வழக்கமாக மெலிந்துபோகும் உயர்ந்த சுரங்கள்கூடப் பாடும்.

இதற்கு விலையும் உண்டு. அப்படிப்பட்ட கிட்டார் சும்மா தட்டினால் எதையும் கொடுத்துவிடாது. விரல் ஆழமாகத் தந்திக்குள் போய், அழுத்தி விட வேண்டும். முதல் முறை கையில் எடுக்கிறவர்கள் பலரும் "என்ன, அடங்கியே இருக்கிறதே" என்று முகம் சுளிப்பது இதனால்தான். சற்றுத் தள்ளி நின்று கேட்பவருக்குத்தான் அது என்ன செய்கிறது என்று தெரியும்.

ஓவியர் என்பதால் பூஷேக்கு இன்னொரு பழக்கம். செய்த வேலையைப் படிப்படியாக, வரைபடங்களோடு, தன் பட்டறை நோட்டில் எழுதிவைத்தார். கைத்தொழிலில் இது அபூர்வம். மகனுக்குக்கூடச் சொல்லாமல் செத்துப்போன கைவினைஞர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிரெஞ்சு மரபு என்று இன்று சொல்வதன் முதுகெலும்பே இந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன்: அளந்து பார், எழுதி வை, அடுத்தவருக்குக் காட்டு.

அதை இன்னும் தூரம் கொண்டுபோனவர் டேனியல் ஃப்ரீடெரிக். 1932-இல் பிறந்தவர், மரச்சாமான் தச்சுக்கே பேர்போன பாரிஸின் ஃபோபூர் சாந்த்-அந்துவான் பக்கத்தில் தச்சு பழகியவர். தனக்கு வாசிக்க ஒரு கிட்டார் வேண்டும் என்று 1955-இல் முதல் கிட்டாரைச் செய்தார். பூஷேயைச் சந்தித்துப் பேசிப் பழகினார். அதோடு நிற்காமல், பாரிஸில் இசை ஒலியியல் ஆய்வுக்கூடம் நடத்திய எமீல் லெய்ப்போடு சேர்ந்து, பலகையின் தடிமனை இவ்வளவு மாற்றினால் ஒலியில் என்ன மாறுகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். 2020-இல் இறந்தார். கணக்கில் 800-க்கும் மேற்பட்ட கிட்டார்கள். பக்கப் பலகைகளை இரண்டு மரங்களை ஒட்டித் தடிப்பாக, விறைப்பாகச் செய்வது அவர் கையாண்ட வழிகளில் ஒன்று. தந்தியிலிருந்து வரும் சக்தி கொஞ்சம்தான். உடம்பு முழுவதும் அதிர்ந்து அதைக் குடித்துவிடக் கூடாது, மேற்பலகைக்கே அது மிஞ்ச வேண்டும் என்பது அதன் பின்னால் இருக்கும் யோசனை. இந்த வழியில் செய்த கிட்டார் பழைய ஸ்பானிய கிட்டாரைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தால் அது குறை இல்லை.

இதெல்லாம் பாரிஸில் நடந்ததற்குக் காரணம் வாசிப்பவர்களும் அங்கேயே இருந்தார்கள் என்பதுதான். ஈதா ப்ரெஸ்தி, அலெக்சாந்தர் லகோயா தம்பதி பூஷே கிட்டார்களில் ஜோடியாக வாசித்தார்கள். இங்கிலாந்திலிருந்து கிட்டார் கலைஞர் ஜூலியன் ப்ரீம் பூஷேயின் கிட்டாரைத் தேடி வந்தார். பிரெஞ்சு வானொலி ஒரு சர்வதேச கிட்டார் போட்டியை நடத்தியது. உலகம் முழுவதிலிருந்தும் இளைஞர்கள் பாரிஸுக்கு வந்தார்கள். 1969-இல் பாரிஸ் தேசியக் கன்சர்வத்துவாரில் கிட்டார் வகுப்பு ஆரம்பித்து லகோயா ஆசிரியரானார். இப்படி வாசிப்பவரும் செய்பவரும் நாலு மெட்ரோ நிறுத்தத்துக்குள் இருந்தால், இன்று வாசித்துக் குறை சொன்னதை நாளை இழைப்புளி சரிசெய்யும். அடுத்த தலைமுறையில் தொமினிக் ஃபீல்ட் போன்ற கைவினைஞர்கள் அங்கிருந்து வந்தவர்கள். மிர்கூரிலும் 1970-இல் தேசிய வாத்தியக் கைவினைப் பள்ளி ஆரம்பித்தார்கள். ஆனால் அதன் முக்கியக் கவனம் வயலின் குடும்பம்தான்.

சரி, விலைக்கு வருவோம். பூஷே 40 வருடத்தில் 150. ஃப்ரீடெரிக் சுமார் 60 வருடத்தில் 800 சொச்சம், அதாவது வருடத்துக்குப் பதின்மூன்று பதினான்கு. தனியாக வேலை செய்கிறவரால் இவ்வளவுதான் முடியும். நீங்கள் கொடுக்கும் 7,000 யூரோவில் 20 சதவீத விற்பனை வரி அடங்கியிருந்தால் அவர் கைக்கு 5,833 வருகிறது. மரம், பட்டறை வாடகை, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு எல்லாம் போனால், பாரிஸில் நல்ல தச்சர் சம்பாதிப்பதைவிட அதிகம் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயர் பெற்றவர்களிடம் புதுக் கிட்டார் 10,000 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். காலமான பெரியவர்களின் கிட்டார் விலை வேறு உலகம். அதில் பாதி சேகரிப்பாளர்களுக்கு இடையேயான போட்டி, மகளுக்கு அது தேவையில்லை.

மரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது. மேற்பலகைக்கு ஐரோப்பிய ஸ்ப்ரூஸ், அல்லது வட அமெரிக்காவின் சிவப்பு சிடார். குளிர் மலையில் மெதுவாக வளர்ந்த மரமாக இருக்க வேண்டும். ஜூரா மலைக் காடுகளின் ஸ்ப்ரூஸுக்குப் பெயர் உண்டு. மரத்தை ஆரவாக்கில் பிளந்து, இரண்டு துண்டுகளைப் புத்தகம் விரித்ததுபோல ஒட்டுவார்கள். ரேகைகள் நேராக, நெருக்கமாக ஓடும். பின்பலகைக்கு முன்பெல்லாம் பிரேசில் ரோஸ்வுட். 1992-இல் அது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்குப் போய், சர்வதேச வணிகம் ஏறக்குறைய நின்றது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். தமிழ்நாட்டில் அதைக் காப்பாற்றவே 1994-இல் தனிச் சட்டம் வந்தது. நீங்கள் பார்த்த கிட்டாரின் பின்பக்கம் ஊதா கலந்த கரும்பழுப்பாக, நேர் ரேகைகளோடு இருந்தால் பெரும்பாலும் அது ஈட்டிதான்.

மெருகும் அப்படித்தான். பிரெஞ்ச் பாலிஷ் என்று நம் ஊர்த் தச்சர்களும் சொல்வது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் மரச்சாமான் பட்டறைகளில் பரவிய வேலை: அரக்கை ஆல்கஹாலில் கரைத்து, துணிப்பொட்டலத்தில் தொட்டு, நூற்றுக்கணக்கான முறை வட்டமாகத் தேய்ப்பது. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது, இன்றும் போகிறது. பூச்சு மிக மெல்லியதாக இருப்பதால் பலகையின் அசைவைக் கட்டிப்போடாது. அதே காரணத்தால் சீக்கிரம் கெடும். வியர்வை, வாசனைத் திரவியம், கை சுத்தப்படுத்தும் ஜெல் மூன்றும் அதற்கு ஆகாது. வலது முழங்கை படும் இடத்தில் ஒரு பருத்தித் துணியைப் போட்டுக்கொண்டு வாசிக்கப் பழகினால் போதும்.

இனி பார்த்து வாங்கும் விஷயம். இதைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

போகும்போது மகளின் இப்போதைய கிட்டாரையும் எடுத்துப் போங்கள். பட்டறையின் சுவர்கள், கூரை உயரம் எல்லாம் சேர்ந்து எந்தக் கிட்டாரையும் அழகாகக் காட்டிவிடும். பழக்கமான ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் காது நிதானத்துக்கு வரும். இரண்டிலும் தந்தி ஒரே வயதா என்று கேளுங்கள். புதுத் தந்திக்கும் ஒரு மாதத் தந்திக்கும் இருக்கும் வித்தியாசம் சில சமயம் இரண்டு கிட்டார்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரிது.

முதலில் பாட்டு வேண்டாம். ஒவ்வொரு தந்தியிலும் கீழிருந்து மேலே, ஃப்ரெட் ஃப்ரெட்டாக (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்), ஒரே பலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். எங்காவது ஒரு சுரம் திடீரென்று உப்பிக் குரைக்கிறதா, எங்காவது ஒன்று செத்துப்போகிறதா என்று கவனியுங்கள். ஆறாவது தந்தியில் இரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து ஐந்தாவது வரை ஒரு இடத்தில் கொஞ்சம் உப்பல் இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்று தானே அதிரும் இடம் அது. எந்தக் கிட்டாரிலும் அதை முழுதாக ஒழிக்க முடியாது. ஆனால் நல்ல கைவினைஞர் அதை இரண்டு சுரங்களுக்கு நடுவே விழும்படி பார்த்துக்கொள்வார். முதல் தந்தியில் ஐந்திலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை இன்னும் கடுமையாகக் கேளுங்கள். பாட்டின் மெட்டு வாழும் இடம் அது. அங்கே இரண்டு சுரம் ஊமையாக இருந்தால், மற்றதெல்லாம் தேனாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

மூன்றாவது தந்தி மந்தமாக இருந்தால் உடனே கிட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். நைலானில் அந்தத் தந்தி தடிமனானது, இயல்பாகவே கொஞ்சம் முனகும். அதற்கு மெல்லிய கார்பன் தந்தி போட்டுப் பார்க்கலாம். லியோனைச் சேர்ந்த சவாரெஸ் நிறுவனமே அதைச் செய்கிறது. மாற்றிய பிறகும் முனகினால்தான் பிரச்சினை பலகையில்.

அப்புறம் பாட்டு. சோரின் பயிற்சிப் பாடங்களில் மெட்டும் நடுக்குரலும் கீழ்க்குரலும் சேர்ந்து போகும் ஒன்றை, மகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தெரிந்த ஒன்றை, எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அறையின் மறுகோடியில் நில்லுங்கள். உங்களுக்குச் சங்கீதம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நடுக்குரலை மட்டும் பின்தொடர்ந்து போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பிரிவு. அடுத்து, அதே பாடத்தை முடிந்த அளவு மெதுவான ஒலியில். மட்டமான கிட்டார் சத்தமாக வாசிக்கும்போது மாட்டிக்கொள்ளாது, மெதுவாக வாசிக்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும்: நிறம் வெளுத்து, சுரங்கள் கலைந்துவிடும். கடைசியாக வலது கையை ஒலித்துளை பக்கமும் பிரிட்ஜ் பக்கமும் நகர்த்தி வாசிக்கச் சொல்லுங்கள். குரல் உண்மையிலேயே மாற வேண்டும், வெறும் கூர்மை கூடினால் போதாது.

பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு, கைவினைஞரையோ வேறு ஒருவரையோ அதே பாடத்தை வாசிக்கச் சொல்லி, அவளை வாசலில் நின்று கேட்கச் சொல்லுங்கள். வாசிப்பவர் காதுக்கும் கேட்பவர் காதுக்கும் இந்த வகைக் கிட்டாரில் வித்தியாசம் அதிகம்.

அளவுகளில் அதிகம் குழம்ப வேண்டாம். தந்தி நீளம் 650 மி.மீ. வழக்கம், விரல் சின்னது என்றால் 640 கேட்பதில் வெட்கம் இல்லை, ஒலியில் இழப்பும் பெரிதில்லை. கழுத்தின் தலைப்பக்க அகலம் 52 மி.மீ. அளவில் இருக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் மெல்லிய முதல் தந்திக்கு 3, தடித்த ஆறாவது தந்திக்கு 4 மி.மீ. என்ற கணக்கில் இருந்தால் சரி. இதைவிட உயரமாக இருந்தால், பிரிட்ஜின் மேல் இருக்கும் எலும்புத் துண்டு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். இழைத்துக் குறைக்க அதில் இடம் இருந்தால் கவலை இல்லை. ஏற்கெனவே இழைத்துத் தரையோடு தரையாக இருந்தால் கழுத்தின் கோணமே தப்பு, அந்தக் கிட்டாரை வைத்துவிட்டு வாருங்கள்.

"வாசிக்க வாசிக்கத் திறக்கும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். புதுக் கிட்டார் முதல் சில மாதங்களில் கொஞ்சம் தளர்வது உண்மைதான். ஆனால் நாளைக்கு வரப்போகும் ஒலிக்கு இன்று பணம் கொடுக்காதீர்கள். இன்று கேட்டது பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பழைய கிட்டார் என்றால் ஒட்டிய விரிசல்களைக் கண்டு பயப்பட வேண்டாம். நன்றாக ஒட்டிய விரிசல் விலையைக் குறைக்கும், ஒலியைக் குறைப்பதில்லை. பயப்பட வேண்டியது மேற்பலகையை யாரோ மறுபடி இழைத்து மெருகு போட்டதற்கு. அதில் போன அரை மில்லிமீட்டர் திரும்ப வராது. பெரிய பெயர் ஒட்டிய கிட்டாராக இருந்தால், உள்ளே இருக்கும் சீட்டை மட்டும் நம்பாமல் கைமாறிய கதையைக் காகிதத்தில் கேளுங்கள். பின்பக்கம் பிரேசில் ரோஸ்வுட் என்றால் அதற்கான சைட்டிஸ் தாளும் வேண்டும். அது இல்லாமல் ஐரோப்பாவுக்கு வெளியே கொண்டுபோனால் சுங்கத்தில் சிக்கல். ஈட்டி மரத்துக்கு அந்தத் தலைவலி 2017-இல் வந்து, செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில் போய்விட்டது. ஊருக்குப் போகும்போது அவள் தாராளமாகக் கொண்டு போகலாம்.

ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லிவிடுவது நியாயம். ஆஸ்திரேலியாவின் க்ரெக் ஸ்மால்மன் வழியில் வலைப்பின்னல் சட்டம் வைத்தும், ஜெர்மனியில் இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே தேன்கூட்டுப் பொருள் வைத்தும் செய்யும் கிட்டார்கள் இன்று மேடையில் அதிகம். அவை சத்தத்தில் பிரெஞ்சு கிட்டாரைத் தோற்கடிக்கும். மகள் நாளைக்கு ஆர்க்கெஸ்ட்ராவோடு பெரிய அரங்கில் வாசிக்கப் போகிறாள் என்றால் அவற்றை யோசிக்கலாம். ஆனால் படிக்கும் வயதில், சின்ன அறைகளில், குரல்களைப் பிரித்து வாசிக்கக் கற்றுக்கொள்ளும்போது, எல்லாவற்றையும் தானாகவே பெரிதாக்கிக் கொடுக்கும் கிட்டார் கையைச் சோம்பேறி ஆக்கும் என்பது என் எண்ணம். இதில் ஆசிரியர் பக்கம் நிற்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆசிரியர் சொன்ன ஒருவரிடம் மட்டும் போகாமல் இன்னும் இரண்டு பட்டறைகளாவது ஏறி இறங்குங்கள். ஆசிரியரின் ரசனை உங்கள் மகளின் ரசனையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வாங்கிய பிறகு எதிரி பாரிஸ் குளிர்காலம். வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர்; அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கினால் மேற்பலகை சுருங்கி விரிசல் விழும், வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய சட்டம் விடும். 45, 50 சதவீதத்தில் வைத்திருப்பது நல்லது. பெட்டிக்குள் வைக்கும் ஈரக் குழாயும் சின்ன ஈரமானியும் மலிவுதான். ஹீட்டர் பக்கத்தில் சுவரில் மாட்டி வைக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது ஈரம் அதிகமாகி மரம் உப்பும், தந்தி கொஞ்சம் உயரும். வறட்சியைப்போல அது உடனே உடைக்காது. திரும்பி வந்த பிறகு ஹீட்டர் போட்ட அறையில் உடனே பெட்டியைத் திறந்து வைக்காமல் இரண்டு மூன்று நாள் மூடியே விடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போய் வாசித்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். காப்புத் தொகை வாங்கிக்கொண்டு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாரத்தில் யார் பொறுப்பு, கீறல் விழுந்தால் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்யச் சொல்லி முன்பணம் கொடுப்பதாக இருந்தால், முடிந்து வாசித்துப் பார்த்த பிறகு பிடிக்காவிட்டால் முன்பணம் திரும்புமா என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.